‘நோ மோர்’ என்று எழுதிய கடிதங்கள்

மத்தியானம் சாப்பிட்டு முடித்து, ஆபீசுக்குப் பின்னால் இருந்த குழாயில் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். பங்குனி வெயில். குழாய்த் தண்ணீர் சுட்டது. காம்பவுண்டு சுவர், வேப்பமரம், ஓரமாக நிறுத்தியிருந்த இரண்டு டிப்பர் லாரிகள், எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்புக்கல் தூசி வெள்ளையாகப் படிந்திருந்தது. அரியலூர்க்காரர்கள் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை.

சின்னதுரை அந்த இரண்டு லாரிகளுக்கு நடுவில் நடந்து வந்தார். எங்கள் ஆபீசில் பதினெட்டு வருடம் டிப்பர் ஓட்டியவர். இரண்டு மாதத்துக்கு முன்புதான் வேலையை விட்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். வழக்கமாகப் பத்தடி தூரத்திலேயே “வணக்கம் மேடம்” என்று சொல்லிவிடுவார். அன்று சொல்லவில்லை.

“மேடம், நான் செத்துட்டேன்னு எழுதிக் குடுத்துட்டீங்களாமே?”

நான் சிரித்தேன். ஏதோ வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

“நெசமாத்தான் கேக்குறேன். மெட்ராசுல அந்த ஏஜென்சி ஆபீசுக்குப் போனேன். சின்னதுரை செத்துட்டான், அவன் சர்டிபிகேட்ட வச்சிக்கிட்டு வந்து நிக்கிறியே, நீ யாருங்கிறாங்க. பாஸ்போர்ட்ட வாங்கி உள்ள வச்சிக்கிட்டாங்க. போலீசுக்கு எழுதப் போறோம்னு சொல்றாங்க.”

நான் குழாயை மூடினேன்.

நாற்காலியும் நீலக் கோப்பும்

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிப்பவர்களுக்கு எங்கள் தெருவைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காக இரண்டு வரி. பெரம்பலூரை ஒட்டிய ஒரு கிராமத்தில் கிழக்குத் தெரு. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். அந்தத் தெருவிலிருந்து ஓர் ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் பெண் நான்.

ஆபீஸ் என்றால் லாரி ஆபீஸ். சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைகளுக்குக் கல் ஏற்றிப் போகும் காண்டிராக்ட். ஜெயங்கொண்டம் பக்கம் இருந்தும் எறையூர் பக்கம் இருந்தும் டிரைவர்கள் வருவார்கள். முதலாளிக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். ஆலைகளில் இருந்து வருகிற கடிதமெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். அதற்குப் பதில் எழுதத்தான் என்னை வைத்தார்.

நான் கல்லூரியில் பி.காம். தமிழ் வழியில்தான் எல்லாப் பாடமும். டைப்ரைட்டிங் ஹையர் முடித்திருந்தேன். ஆங்கிலத்தில் எதைக் கொடுத்தாலும் தப்பில்லாமல் அடிப்பேன். ஆனால் அடிப்பது வேறு, எழுதுவது வேறு.

என்னைக் காப்பாற்றியது ஒரு நீலக் கோப்பு. எனக்கு முன்னால் இருந்த கிளார்க் எழுதிய கடிதங்களின் நகல்கள் அதில் இருந்தன. டயர் வாங்க ஒன்று, டீசல் பாக்கிக்கு ஒன்று, லாரி கவிழ்ந்தால் ஒன்று. பெயரையும் தேதியையும் மாற்றினால் கடிதம் தயார். ஒரு வருடத்தில் அந்தக் கோப்பு முழுவதும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அதன்பிறகு தைரியம் வந்தது. சொந்தமாக வாக்கியம் அமைக்க ஆரம்பித்தேன்.

முதலாளி கையெழுத்துப் போடும்போது பெருமையாகச் சொல்வார்: “நம்ம ஆபீசு லெட்டரப் பாத்தா கம்பெனிக்காரனே எந்திரிச்சி நிப்பான்.” டிரைவர்கள் என்னை இங்கிலீஷ் மேடம் என்பார்கள். வேண்டாம் என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை.

‘நோ மோர்’ அந்த நீலக் கோப்பில் இல்லை. அது என் சொந்தத் தயாரிப்பு. ‘நோ’ என்றால் இல்லை. ‘மோர்’ என்றால் இனிமேலும். இரண்டையும் சேர்த்தால் ‘இனி இல்லை’. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

தமிழில் என்றால் யோசிக்கவே வேண்டியதில்லை. “அவரு இப்ப எங்ககிட்ட இல்லீங்க” என்றால் வேலையை விட்டவர். “அவரு இப்ப இல்லீங்க” என்று மட்டும் சொன்னால், கேட்கிறவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு “எப்ப?” என்பார். பிறந்ததிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருப்பதால் வாய் தானாகச் சரியாகச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலம் என் காதில் விழுந்ததில்லை. கண்ணால் பார்த்து எழுதினேன்.

ஒரு தேங்க் யூ

சின்னதுரை வளைகுடா நாடு ஒன்றில் பெரிய வண்டி ஓட்டப் போகிறார் என்று ஆபீஸ் முழுக்கத் தெரியும். சென்னையில் ஓட்டிக் காட்டித் தேறிவிட்டார். உடல் பரிசோதனையும் முடிந்துவிட்டது. அனுபவச் சான்றிதழை நான்தான் அடித்துக் கொடுத்தேன். அதைச் சரிபார்க்க, அவரை அனுப்பவிருந்த சென்னை ஏஜென்சியிலிருந்து ஒரு மெயில் வந்தது. இவர் உங்கள் நிறுவனத்தில் வேலை செய்தாரா, இப்போதும் செய்கிறாரா என்று கேட்டிருந்தார்கள்.

கேள்வியிலேயே நிறுவனத்தின் பெயர் இருந்தது. பதிலில் அதைத் திரும்ப எழுதத் தேவையில்லை என்று நினைத்தேன். சுருக்கமாக எழுதுவதுதான் நல்ல ஆங்கிலம் என்று எங்கோ படித்திருந்தேன். இரண்டே வரி.

‘மிஸ்டர் சின்னதுரை இஸ் நோ மோர். ஹி வாஸ் எ வெரி குட் டிரைவர்.’

இரண்டாவது வரியை யாரும் கேட்கவில்லை. அவருக்கு உதவட்டுமே என்று நானாகச் சேர்த்தேன்.

மறுநாள் பதில் வந்தது. ‘வீ ஆர் சாரி ஃபார் யுவர் லாஸ்.’ லாரி ஆபீசில் லாஸ் என்றால் நஷ்டம். நல்ல டிரைவர் போனது எங்களுக்கு நஷ்டம்தானே, எவ்வளவு மரியாதை தெரிந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். ‘தேங்க் யூ’ என்று பதில் போட்டேன்.

இதெல்லாம் அந்தக் குழாயடியில் நின்றபோது எனக்குத் தெரியாது. சின்னதுரையிடம் அப்போது நான் சொன்னது இதுதான்.

“அப்படியெல்லாம் நான் எழுதலீங்களே. வேலைய விட்டுட்டாருன்னுதான் எழுதுனேன். அவங்கதான் தப்பா படிச்சிருக்காங்க.”

அவர் முகம் உடனே தெளிந்தது.

“அதான நானும் சொன்னேன். அந்த ஏஜென்சியில இருந்த பொண்ணு வெடுக்குவெடுக்குன்னு பேசுச்சு. இப்ப என்னா பண்றது மேடம்? ஒம்பது நாள்ல பிளைட்டு.”

“நான் இன்னொரு மெயில் போடுறேன். நீங்க வூட்டுக்குப் போங்க. சரியாயிடும்.”

அவர் ஜெயங்கொண்டம் பஸ்சுக்குப் போன பிறகு, நாற்காலியில் உட்கார்ந்து, அந்த இரண்டு சொற்களைப் போனில் அடித்துத் தேடினேன். முதலில் வந்தது ஒரு மெழுகுவர்த்திப் படம். அடுத்தது மாலை போட்ட ஒரு போட்டோ. கீழே தள்ளத் தள்ள மாலைகளாக வந்தன.

போனைக் கவிழ்த்து வைத்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் கல் ஏற்றிய சீட்டுகள் மேசையில் படபடத்தன. அவற்றை அடுக்கி, எண் வாரியாகக் கம்பியில் குத்தி வைத்தேன். அரைமணி நேரம் அந்த வேலையை மட்டும் செய்தேன்.

யார் தப்பு என்பது

சாயங்காலம் ஏஜென்சிக்கு மெயில் போட்டேன். சின்னதுரை உயிரோடு இருக்கிறார், முந்தைய மெயிலில் குழப்பம் ஏற்பட்டுவிட்டது என்று எழுதினேன். யாருடைய குழப்பம் என்று எழுதவில்லை. ஒவ்வொரு சொல்லையும் போனில் சரிபார்த்தேன். நான்கு வரிக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

மறுநாள் காலையில் பதில் இருந்தது. இறந்துவிட்டார் என்று எழுதிய அதே ஆள், உயிரோடு இருக்கிறார் என்றும் எழுதினால் எங்களால் ஏற்க முடியாது. உரிமையாளர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட கடிதத்தோடு, கடிதம் எழுதியவர் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும்.

கடிதத்தை அடித்து எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். அவருக்குச் சின்னதுரை மேல் கோபம் இருந்தது. பதினெட்டு வருடம் இருந்தவன், சீசன் நேரத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று. சின்னதுரை விட்டுப்போன வண்டிக்கு இன்னும் சரியான ஆள் கிடைக்கவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். சின்னதுரையிடம் சொன்னதையே இவரிடமும் சொன்னேன். ஏஜென்சிக்காரர்கள்தான் தப்பாகப் படித்துவிட்டார்கள் என்று.

முதலாளி கடிதத்தைத் தள்ளி வைத்தார்.

“அவுங்க தப்பா படிச்சதுக்கு நான் என்னாத்துக்கும்மா கையெழுத்துப் போடணும்? நாளைக்குப் போலி சர்டிபிகேட்டு கேசுன்னு வந்தா, கையெழுத்துப் போட்டவனத்தான் கூப்புடுவான். நம்ம மேல தப்பில்லல்ல? அவுங்களையே திருப்பிப் படிச்சுப் பாக்கச் சொல்லு.”

நான் சொன்னது உண்மையாக இருந்தால் அவர் சொன்னது நியாயம். தப்பு அவர்களுடையதாக இருக்கும்வரை நாங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அறையை விட்டு வெளியே வந்து, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் போனேன்.

“சார், அவங்க சரியாத்தான் படிச்சாங்க. நாந்தான் தப்பா எழுதிட்டேன்.”

“என்னா எழுதுன?”

“செத்துட்டாருன்னு.”

“செத்துட்டாருன்னா?”

“வேலைய விட்டுட்டாருன்னு எழுதறதா நெனச்சி எழுதுனேன் சார். அதுக்கு அர்த்தம் அப்படி ஆயிப்போச்சு.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அவர் கேட்டது வேறு.

“அப்ப, இத்தன வருசமா ஒன் இங்கிலீச நம்பி நான் போட்ட கையெழுத்தெல்லாம்?”



அவர் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பேனா மூடியைக் கழற்றினார். “இதுல என்னா எழுதிருக்க? ஒவ்வொரு வார்த்தையா தமிழ்ல சொல்லு.”

நின்றபடியே ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அந்த ஆபீசில் இன்னும் ஆறு வருடம் இருந்தேன். ஒரு கடிதத்தில்கூட அவர் அந்த விரலை வைத்துப் பார்க்காமல் கையெழுத்திட்டதில்லை. இங்கிலீஷ் மேடம் என்று அவர் காதுபட யாரும் என்னைக் கூப்பிடுவதும் நின்றுபோனது.

அன்று நான் அறையை விட்டு வெளியே வரும்போது முதலாளி சொன்னார்: “மெட்ராசு போயிட்டு வந்து பழசெல்லாம் எடுத்துப் பாரு. இன்னும் எத்தன பேருக்கு இப்புடி எழுதிருக்கியோ.”

விழுப்புரம் வரை

அடுத்த நாள் அதிகாலை ரயிலில் நானும் சின்னதுரையும் சென்னைக்குப் போனோம். ஜன்னல் ஓரத்தை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். மடியில் அதே பிளாஸ்டிக் கவர். அதில் ஆதார் அட்டை, டிரைவிங் லைசென்ஸ், ரேஷன் அட்டை, கல்யாண போட்டோ, ஓட்டுச்சாவடிச் சீட்டு. உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சியாக வீட்டில் கிடைத்ததையெல்லாம் அவர் மனைவி போட்டு அனுப்பியிருந்தார்.

“ஏன் வெளிநாடு போகணும்னு கெளம்புனீங்க?” என்று கேட்டேன். அதுவரை கேட்டதில்லை.

“பதினெட்டு வருசமா ஒரே பன்னெண்டு கிலோமீட்டரு மேடம். கல்லு ஏத்து, எறக்கு, திரும்பு. அங்க ஒரு ரோடு நானூறு கிலோமீட்டருக்கு வளைவே இல்லாம போவுதாம். அக்கா மவன் சொன்னான். ஒரு தடவயாச்சும் டாப் கியர்ல போட்டுட்டு கால எடுக்காமப் போவணும்.”

அதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. பேச்சை மாற்றினார்.

“நேத்து அந்தப் பொண்ணுகிட்ட போன்ல கத்திட்டேன். எங்க மேடம் எழுதுனா தப்பே வராது, ஒனக்குத்தான் படிக்கத் தெரியல, ஒன்னயெல்லாம் எவன் வேலைக்கு வச்சான்னு கேட்டுட்டேன். அத மனசுல வச்சிக்கிட்டு ஏதாச்சும் பண்ணுமா?”

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். வயல்களில் அறுவடை முடிந்திருந்தது. சொல்லாமல் இருந்தால் இன்னும் மூன்று மணி நேரத்தில் அந்தப் பெண்ணின் வாயால் கேட்கப்போகிறார்.

“அந்தப் பொண்ணு சரியாத்தான் படிச்சிருக்கு. தப்பு என்னோடது. அன்னிக்கு ஒங்ககிட்ட சொன்னது பொய்.”

அவர் புரியாமல் பார்த்தார். நான் இன்னொரு முறை, விளக்கமாகச் சொன்னேன். நோ மோர் என்றால் என்ன, நோ லாங்கர் என்றால் என்ன, நான் எதை எழுதியிருக்க வேண்டும். அவர் கவரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

விழுப்புரம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே டீ வந்தது. ஒரு டீ வாங்கினார். தான் மட்டும் குடித்தார்.

எழும்பூரில் இறங்கும்போதுதான் பேசினார்.

“அன்னிக்கே சொல்லிருக்கலாம் மேடம். நான் அந்தப் பொண்ண அப்புடிப் பேசிருக்க மாட்டேன்.” பிறகு படியில் இறங்கிக்கொண்டே, “அங்க போயி இப்ப சொன்ன மாதிரியே சொல்லிடுங்க. மாத்திடாதீங்க” என்றார்.

கையால் எழுதியது

ஏஜென்சி ஒரு மாடியில் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். வெடுக்கென்று பேசவில்லை. களைத்திருந்தாள். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள்.

“மேடம், நாங்க வருத்தம் தெரிவிச்சு மெயில் போட்டிருக்கோம். நீங்க தேங்க் யூன்னு போட்டிருக்கீங்க. நாங்க என்னன்னு எடுத்துக்கறது?”

“நீங்க எடுத்துக்கிட்டதுதான் சரி. எழுதத் தெரியாம எழுதினது நான்.”

ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தாள். டைப் அடித்தது போதாது, நடந்ததைக் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். ‘நோ லாங்கர் எம்ப்ளாய்டு வித் அஸ்’ என்று எழுதினேன். எழுதிவிட்டு, சரியா என்று அவளிடமே கேட்டேன். என்னைவிட பதினைந்து வயது சின்னவள். சரிதான் என்று தலையாட்டினாள்.

சின்னதுரை கவரைத் திறந்து ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தார். கல்யாண போட்டோவை அவள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அதை மட்டும் முதலில் திருப்பிக் கொடுத்தாள். “அன்னிக்குப் பேசுனதுக்கு மன்னிச்சிக்கம்மா” என்றார் அவர். “பரவால்லண்ணா” என்றாள்.

பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது. ஆனால் அப்போது கிளம்பவிருந்த டிரைவர் குழுவில் அவருடைய இடத்துக்குத் தஞ்சாவூர்க்காரர் ஒருவரை எடுத்தாகிவிட்டது. அடுத்த குழு எப்போது என்று அவளுக்குத் தெரியவில்லை. சின்னதுரை ஆடி மாதம்தான் கிளம்பினார். அதுவரை ஜெயங்கொண்டத்தில் ஒருவருடைய முந்திரி மூட்டை வண்டியை ஓட்டினார். கிளம்புகிற அன்று ஆபீசுக்கு வந்து முதலாளியிடம் சொல்லிக்கொண்டார். என்னிடம் “வரேன் மேடம்” என்றார். அவ்வளவுதான். அவர் என்னை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்பது அவருக்கு இன்னொரு தொந்தரவு.

அனுப்பியவை

சென்னையிலிருந்து திரும்பிய மறுநாள், முதலாளி சொன்னபடி, மெயிலில் ‘அனுப்பியவை’ பகுதியைத் திறந்து அந்த இரண்டு சொற்களைத் தேடினேன். எட்டு மெயில் வந்தன.

ஒன்று சின்னதுரை. ஒன்று ஒரு டயர் ஏஜென்டுக்கு எழுதியது. குறிப்பிட்ட ஒரு ரக டயர் எங்களிடம் நோ மோர் என்று எழுதியிருந்தேன். டயருக்கு யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

மற்ற ஆறும் ஆட்கள். வேலையை விட்டு வேறு இடத்துக்கு மனுப் போட்ட டிரைவர்கள். ஆறு பேருக்கும் இரண்டு வரி. ஆறு பேரும் நல்ல டிரைவர்களாக இருந்தார்கள் என்று இரண்டாவது வரி சொன்னது.

பழைய ரெஜிஸ்டரிலிருந்து போன் நம்பர்களை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். மூன்று பேருக்கு அந்தக் கடிதத்தால் ஒன்றும் ஆகவில்லை. அந்த மூவரில் ஒருவர் சிரித்தார். நான்காமவர், எதற்காக அந்த வேலை கிடைக்கவில்லை என்று இதுவரை தெரியாமல் இருந்தவர். “ஓகோ” என்று சொல்லி போனை வைத்துவிட்டார். ஒருவர் நம்பர் இயங்கவில்லை.

மிச்சம் ஒரே ஒருவர். தங்கராசு, எறையூர்ப் பக்கம். எங்களிடம் எட்டு மாதம்தான் ஓட்டினார். திருச்சியில் ஒரு பஸ் கம்பெனிக்கு மனுப் போட்டிருந்தார். நான் பதில் எழுதி இரண்டு வருடம் ஆகியிருந்தது. போனை ஒரு பெண் எடுத்தார்.

“தங்கராசு இருக்காருங்களா?”

“அவரு இல்லீங்க.”

“வெளிய போயிருக்காரா? எப்ப வருவாரு?”

அந்தப் பக்கம் ஆடு கத்துவது கேட்டது.

“இல்லம்மா. அவரு இல்ல. போன தையில போயிட்டாரு.”

போனில் பேசுகிற விஷயம் இல்லை என்று தோன்றியது. அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன்.

அஞ்சலை

கரும்பு வெட்டிய வயல்களில் காய்ந்த சோகை இலை எரிந்து கறுப்பாகக் கிடந்தது. வீட்டை விசாரித்துப் போனேன். தங்கராசுவின் மனைவி அஞ்சலை வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, உள்ளே இருந்து பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து போட்டார். அவர் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்துகொண்டார்.

எப்படி என்று கேட்டேன். கரும்பு டிராக்டர் ஓட்டப் போனவர், நெஞ்சு வலிக்கிறது என்று வண்டியை ஓரம் கட்டினாராம். வண்டியை நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்தாராம்.

“திருச்சி பஸ் கம்பெனிலேருந்து ரெண்டு வருசம் முன்னாடி ஒரு லெட்டரு வந்துச்சாங்க?” என்று கேட்டேன்.

“வந்துச்சே. பள்ளிக்கூடத்துப் புள்ளயக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னோம். ஒங்க வூட்டுக்காரு செத்ததுக்கு வருத்தப்படுறோம்னு போட்டிருக்குன்னுச்சு. அவரு பக்கத்துல ஒக்காந்து சோறு தின்னுகிட்டிருக்காரு.”

“அதுக்குக் காரணம் நான்தாங்க. அவங்க கேட்டதுக்குத் தப்பா எழுதிட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்.”

“தெரியும்” என்றார் அஞ்சலை.

எனக்குப் புரியவில்லை.

“அவரு ஒங்க ஆபீசுக்கு வந்தாருல்ல. அந்த லெட்டர எடுத்துக்கிட்டு, கேட்டுட்டுத்தான் வருவேன்னு கெளம்பிப் போனாரு. போயிட்டு ஒண்ணும் கேக்காம திரும்பிட்டாரு. எனக்கு ஆத்தரம்னா ஆத்தரம். பஸ்ஸுக்குக் காசு செலவழிச்சிப் போயி வாயத் தொறந்து கேக்காம வந்திருக்கியே, நீயெல்லாம் ஒரு ஆம்பளையான்னு சண்ட போட்டேன்.”

“ஏன் கேக்கலையாம்?”

“மொதலாளி பக்கத்துலயே ஒக்காந்திருந்தாராம். ‘அந்தப் புள்ள நம்ம சனம்டி. இப்பத்தான் ஒரு நாற்காலியில ஒக்காந்திருக்கு. நான் கேட்டேன்னா எந்திரிக்கச் சொல்லிடுவாரு. விடு, வேற வண்டி கெடைக்காமயா போயிடும்’னாரு. ரெண்டு நாளு நான் அவருகிட்ட பேசல.”

ஆடு ஒன்று வாளித் தண்ணீரில் வாயை வைத்தது. அஞ்சலை அதை விரட்டவில்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கேட்கவும் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. அவருக்கு வேறொன்று வேண்டியிருந்தது.

“அன்னிக்கு அவரப் பாத்தீங்கல்ல?” என்றார். “எப்புடி இருந்தாரு? ஏதாச்சும் பேசுனாரா?”

எனக்கு நினைவில்லை. எங்கள் மேசைக்கு முன்னால் ஒரு நாளைக்கு முப்பது பேர் வந்து நிற்பார்கள். சீட்டில் முத்திரை போட வருவார்கள், சம்பளம் கேட்க வருவார்கள், சும்மா மின்விசிறிக் காற்றுக்கு வருவார்கள்.

“பச்சக் கலரு சட்ட போட்டிருந்தாரு” என்று அஞ்சலை எடுத்துக் கொடுத்தார். “கார்த்திகை மாசம். நல்ல மழ. நனஞ்சி போயி நின்னிருப்பாரு. அப்பல்லாம் மீச வச்சிருந்தாரு.”

ஆமாம், பார்த்தேன், டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அந்தம்மா அதை வைத்துக்கொண்டிருப்பார். யாருக்கும் அதனால் கெடுதல் இல்லை. வாய் வரை வந்தது.

“இல்லீங்க” என்றேன். “எனக்கு ஞாபகம் இல்ல. நான் அன்னிக்கு நிமிந்தே பாத்திருக்க மாட்டேன்.”

அஞ்சலை தலையை ஆட்டினார். எழுந்து, “அஞ்சு மணி வண்டிய விட்டா அப்புறம் ஏழுக்குத்தான்” என்றார். ரோடு வரைக்கும் என்னோடு நடந்து வந்தார். பஸ் வந்ததும் கையைக் காட்டி அவரே நிறுத்தினார். ஏறி உட்கார்ந்த பிறகு, எந்த ஊர் என்று கண்டக்டர் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.